இரண்டாவது பூச்சுக்கு முன்

ஒரு மணி நேரம் என்கிறார் அப்பா. கார் வேக்ஸ் டப்பாவில் ஒட்டியிருக்கிற தாளில், ரெண்டாவது கோட்டுக்கு முன் இருபத்து நான்கு மணி நேரம் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. டப்பாவை விற்ற கடைக்காரர் மூக்கடைப்போடு, “இருவது நிமிசம் போதும் தம்பி, நம்மூரு வெயிலுக்கு அதுவே சாஸ்தி” என்றார். வீடியோவில் வருகிற ஆள் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டவன் போல “அவசரப்படாதீங்க நண்பர்களே” என்று நாலு மணி நேரம் கேட்கிறான். நாலு பேரையும் நான் பேசிக் காட்டுவேன். டப்பாவுக்கும் ஒரு குரல் வைத்திருக்கிறேன், லிஃப்டுக்குள்ளிருந்து மாடி எண் சொல்கிற பெண்ணின் குரல். வேறு நாளாக இருந்தால் நாலு பேரையும் காரைச் சுற்றி நிறுத்திச் சண்டை மூட்டிவிட்டு அப்பாவையே சிரிக்க வைத்திருப்பேன். இன்றைக்கு முதல் கோட்டைத் துடைத்து முடித்தபோது மணி பத்து அஞ்சு. அப்பா வாட்சைப் பார்த்து “பதினொண்ணு அஞ்சுக்கு ரெண்டாவது கோட்டு” என்றார். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர், அவர் சொன்ன மணி மணிதான். வேக்ஸ் பூசிவிட்டால் காய்ந்து துடைக்கிறவரை காரை எடுக்க மாட்டார். பதினொன்றரைக்கு அக்கா உடுமலை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவாள். அப்பா காரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார் என்று நம்பி இறங்குவாள். வருகிறேன் என்று அவளிடம் சொன்னது அப்பா இல்லை. நான். அப்பாவின் போனில், அப்பாவின் குரலில். அப்பாவுக்கு அக்கா வருவதே தெரியாது.

போர்ட்டிகோ என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற தகரக் கூரைக்குக் கீழே கார் நிற்கிறது. மரூன் கலர். ஒரு வருஷமாக உறை போட்டு மூடிக் கிடந்தது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று வாரம் ஒரு தரம் அப்பா ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பார், கேட்டைத் தாண்டி வெளியே எடுத்ததில்லை. நாளைக்கு அம்மாவுக்கு வருஷத் திதி. “நாலு பேரு வந்து போவாங்க, இப்பிடியே தூசியோட நிக்கட்டுமா” என்று காலையில் அவராகவே உறையை இழுத்தார், அவராகவே பக்கெட்டைத் தூக்கினார். வேக்ஸ் டப்பாவும் பழைய டப்பாதான். மூடியைத் திருகித் திறந்தால் போன வருஷம் ஸ்பான்ஞ்சு சுற்றிய வட்டப் பள்ளம் உள்ளே அப்படியே இருந்தது. ரெண்டு பேரும் பார்த்தோம். பார்க்காத மாதிரி ரெண்டு பேரும் வேறெங்கோ பார்த்தோம். கொஞ்சமா எடு, பூசுனது கண்ணுக்குத் தெரியக் கூடாது, வட்டமாப் போ, அமுத்தாத. நான் பானெட், அவர் கூரை. பூசியது வெளிறிப் புகை பிடித்த கண்ணாடி மாதிரி ஆனதும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார், கோட்டுக்கடியில் பளபளப்பு தெரிந்தால் காய்ந்துவிட்டது, துடைக்கலாம். துடைத்தோம். அதற்கப்புறம் இந்த ஒரு மணி நேரம். ஏன் இவ்வளவு நேரம் என்று எட்டாவது படிக்கிறபோது ஒரு தரம் கேட்டிருக்கிறேன். “முதல் கோட்டு பிடிக்கறதுக்குள்ள ரெண்டாவதைப் போட்டீனா ரெண்டும் சேர்ந்து வந்துரும்” என்றார். இப்போது கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்திருக்கிறார், துணியை நாலாக மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு. நான் பின் டயர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கார். மணி பத்து பதினொன்று. சொல்லிவிடு. அப்பா, ஒரு விஷயம். அப்பா, கோவப்படாதீங்க. அப்பா, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். என்ன சொல்வதென்பது தெரிகிறது, யார் குரலில் சொல்வதென்றுதான் தெரியவில்லை. எங்கள் ஹெட்மாஸ்டரானால் இரண்டு தரம் செருமிவிட்டு “இதன்மூலம் தெரிவிப்பது என்னவென்றால்” என்று ஆரம்பித்துவிடுவார். பஸ் ஸ்டாண்டு மைக்காரன் ஒரே மூச்சில் ஊர் பேரோடு சொல்லி முடித்துவிடுவான். எனக்கென்று ஒன்று வாயில் ஊறினால் அது பாதியிலேயே யாரோ ஒருத்தருடையதாகத் திரும்பிவிடுகிறது.

குரல்களை நான் தேடிப் போனதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ரெண்டு ஸ்டாப்பிங் பேசினால் போதும், இறங்கும்போது அவர் என் தொண்டைக்குள் இறங்கியிருப்பார். எதிர்வீட்டு ரங்கநாயகி டீச்சர் குரலில் “ஏனுங்க, பாலு பொங்குதுங்க” என்று மதில்சுவர் மேலே எட்டிச் சொல்வேன், அவர் வீட்டுக்காரர் பேப்பரைப் போட்டுவிட்டு உள்ளே ஓடுவார். டீச்சர் பத்து நிமிஷம் கழித்து மார்க்கெட்டிலிருந்து வந்து இறங்குவார். பள்ளிக்கூட மைக்கில் ஹெட்மாஸ்டராகி எட்டாம் வகுப்பு பி பிரிவை மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். டிரில் மாஸ்டர் அட்டென்ஷனில் நின்று கேட்டுக்கொண்டார். அடி வாங்கினேன், அடித்தவருடைய குரலையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது, ஒரு ஆள் இல்லாத இடத்தில் அந்த ஆளை உண்டுபண்ணி, அதைப் பார்த்து இன்னொரு ஆள் ஓடுவதைப் பார்க்கிற சந்தோஷம். அப்பாவை மட்டும் எடுக்க முடியாமல் இருந்தது. அவர் பேசுவதே கம்மி, பேசினாலும் அடிவயிற்றிலிருந்து வரும். பதினாறு முடிந்ததும் என் குரல் உடைந்தது. ஒரு மாசம் தகரமாக இருந்தது, அப்புறம் ஒருநாள் மில்லிலிருந்து போன், எடுத்து “ம்” என்றேன், “சார், மூணாம் நம்பர் மிஷின் நின்னுருச்சுங்க சார்” என்றான் அந்தப் பக்கம். நான் யாரையும் பேசிக்காட்டவில்லை, என் குரலில்தான் சொன்னேன். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றினேன். அம்மா இருந்தால் சொல்லியிருப்பேன். அதற்கு ரெண்டு மாசம் முன்னால்தான் அம்மா போனாள்.

பத்து இருபத்து ரெண்டு. அப்பா எழுந்து காரை ஒரு சுற்று சுற்றி வருகிறார். இடது பக்கப் பின்கதவுக்கு முன்னால் நிற்கிறார். அங்கே ஒன்றும் இல்லை, கீறல் இல்லை, நசுங்கல் இல்லை. அந்தக் கதவு வழியாகத்தான் அம்மாவை ஏற்றினோம். பார்க்காதே. துணியைப் பார், துணியில் ஒட்டின மரூன் பார். வேக்ஸ் வாசனை எனக்கு முன்பெல்லாம் பிடிக்கும், மெழுகுவர்த்தியும் பெட்ரோலும் கலந்த மாதிரி, லேசாகத் தலை சுற்றவைக்கும். இப்போது அது அன்றைய ஞாயிற்றுக்கிழமையின் வாசனை, வேறொன்றின் வாசனையாக அதை மாற்ற முடியவில்லை. அன்றைக்கும் மணி பத்து பத்தேகால் இருக்கும். அன்றைக்கும் முதல் கோட்டைத் துடைத்து முடித்திருந்தோம். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றாள். “காத்தால இருந்து நெஞ்சு கரிச்சுட்டே இருக்குதுங்க” என்றாள். அப்பா ஹெட்லைட்டிலிருந்து நிமிர்ந்து “டாக்டர்கிட்டப் போலாமா?” என்றார். “இது என்ன பெரிய சமாச்சாரம், ரெண்டாவது கோட்டைப் போட்டு முடிச்சுட்டே வாங்க, பாதியில விட்டா உங்களுக்கு மனசு நிக்காது” என்றாள் அவள். அப்பா வாட்சைப் பார்த்தார். “ஒரு மணி நேரந்தான், முடிச்சுட்டுப் போயிரலாம்” என்றார். அதோடு விட்டிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு இடைவெளி இருந்தது, யாராவது ஒருத்தர் வேண்டாம் இப்பவே போகலாம் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில்தான் நான் டாக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். எங்கள் தெருமுனை டாக்டர் பேசும்போது மூக்கில் விசில் அடிக்கும். “ம்ம்ம், நாக்கை நீட்டுங்கம்மா. கேஸுதான். ஒண்ணுமே இல்ல. ராத்திரிக்குத் தயிர் வேண்டாம்.” அம்மா சிரித்தாள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்த அக்கா, “விசிலை விட்டுட்டியேடா” என்றாள். விசிலைச் சேர்த்துத் திரும்பவும் செய்தேன். ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது தடவையும் சிரித்தாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், “போடா, சிரிச்சா இன்னும் வலிக்குது” என்று சொல்லிச் சேரில் உட்கார்ந்தாள். டாக்டர் சொல்லிவிட்டார் அல்லவா. எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது. எனக்குக்கூட. என் குரலை நானே நம்பினேன்.

இந்த இடத்துக்கு வந்தால் திரும்ப முதலிலிருந்து ஓடும். அம்மா படியில் வந்து நிற்பாள், நான் வாயைத் திறக்கமாட்டேன். திறக்காமல் இருந்தால் அப்பா வாட்சைப் பார்த்த பிறகு என்ன செய்திருப்பார்? ஸ்பான்ஞ்சைப் போட்டுவிட்டு எழுந்திருப்பாரோ. மாட்டாரோ. அக்கா ஏதாவது சொல்லியிருப்பாளோ. முக்கால் மணி நேரம் கழித்து அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. அப்பா சோடா வாங்கி வருகிறேன் என்று பைக்கை எடுத்துப் போனார். அவர் தெரு திரும்பியதும் சேரிலிருந்து சரிந்தாள். நானும் அக்காவும் எதிர்வீட்டுக்காரருமாகத் தூக்கிக் காரில் கிடத்தினோம், அக்கா ஓட்டினாள், நான் அப்பாவைக் கூப்பிடக் கடைக்கு ஓடினேன். அதனால் அந்தக் காருக்குள் அவர்கள் ரெண்டு பேர் மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குப் பாலத்து வழியும் உண்டு, ரயில்வே கேட் வழியும் உண்டு. கேட் வழி கிட்டம். அக்கா அதில் போனாள், கேட் போட்டிருந்தது, பதினோரு நிமிஷம். அது தெரிந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில், பெரியப்பா பெரியம்மா எல்லாரும் நிற்க, அப்பா கேட்டார்: “பாலத்து வழியாப் போகாம கேட்டு வழியா எதுக்குப் போன?” அவ்வளவுதான் கேட்டார். ஒரே வரி. அக்கா பதில் சொல்லவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று பையைத் தூக்கினாள், அதற்கப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை. வாரம் ஒரு தரம் எனக்குப் பேசுவாள். பேசி முடிக்கிறபோது ஒவ்வொரு தரமும், நான் கேட்காமலேயே, “அப்பா கூப்பிட்டா வரேன்டா” என்பாள். அப்பா கூப்பிடுவார் என்று நான் ஐம்பது வாரம் பார்த்தேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு வழியா எதுக்குப் போன என்று அவளைக் கேட்டார்கள். டாக்டராட்டப் பேசுனியே எதுக்கு என்று ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை.

போன் அடிக்கிறது. அப்பாவின் சட்டைப் பையில். அக்காவாக இருந்தால்? பஸ்ஸில் உட்கார்ந்தபடி, இவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று சொல்லக் கூப்பிட்டால்? அப்பா கையைச் சட்டையில் துடைத்து, போனை எட்டிப் பிடித்துப் பார்த்து, “ம்” என்கிறார். நான் டயரின் ரப்பர்ப் பல்லை எண்ணுகிறேன். “ம். ஆமாங்க. ஆறு மணிக்கே வந்துருங்க. எள்ளு, பச்சரிசி எல்லாம் வாங்கியாச்சுங்க.” திதி கொடுக்க வருகிற ஐயர். போனைப் பைக்குள் போடுகிறார். பத்து முப்பத்தாறு. “என்னடா, இப்பிடி வேர்க்குது” என்கிறார். “வெயிலுங்கப்பா” என்கிறேன். நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா குளிக்கப் போனபோது போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஏதோ அந்த நிமிஷம் தோன்றி எடுத்தேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். மூன்று நாளாக மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நின்று பழகினேன். ஞாயித்துக்கெழம வா அம்மிணி, திங்கக்கெழம அம்மாவுக்குத் திதி. இவ்வளவுதான் வசனம். அக்காவை அவர் கூப்பிடுகிற அந்த ‘அம்மிணி’யை எப்படி இறக்குவார் என்பதுதான் கஷ்டம், ஒரு வருஷமாக அந்தச் சொல் வீட்டில் புழங்கவில்லை. நாலு தரம் மணியடித்த பிறகு எடுத்தாள். “அப்பா?” என்றாள். இருபத்து நாலு வயசு அக்கா, கம்பெனியில் முப்பது பேரை மேய்க்கிறவள், அந்த ஒரு சொல்லை மூன்று வயசுப் பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கிற மாதிரி கேட்டாள். அப்போதே வைத்திருக்கலாம். “ம்” என்றேன். வசனத்தைச் சொன்னேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது. பாத்ரூமில் தண்ணி மொண்டு ஊற்றுகிற சத்தம், அப்பாவே அங்கே இருக்கிறார், அப்பாவே இங்கேயும் இருக்கிறார், இவ்வளவு தத்ரூபமாக நான் எதையும் செய்ததில்லை என்று உள்ளுக்குள் ஒருத்தன் கைதட்டிக்கொண்டிருந்தான், அந்தச் சமயத்தில்தான் வாய் பழகாததைப் பேசியது. “தப்பு எம்மேலதான் அம்மிணி. அன்னைக்கு உன்னைய அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது.” அவள் அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. அப்புறம் அவள் சொன்னது எனக்குச் சொன்னதில்லை. “அப்பா, கேட்டுல இல்லீங்கப்பா. நம்ம தெரு திரும்புனதுமே அம்மாவுக்கு அடங்கிருச்சு. எனக்குத் தெரிஞ்சிருச்சு. கேட்டுல நிக்கறப்ப நான்தான் சும்மா பேசிட்டே இருந்தேன், அடுப்புல கொழம்பு இருக்கே அமத்துனமான்னு கேட்டுட்டே இருந்தேன். உங்ககிட்டச் சொன்னா வீட்டுல காத்திருந்த நேரத்த நெனச்சுக்குவீங்க. கேட்டுன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.” நான் அப்பாவாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அப்பாவிடம் இதைச் சொன்னால் அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் யாரும் இதைச் சொன்னதில்லையே, நான் எங்கேயிருந்து எடுப்பது. “ம்” என்றேன். “பஸ் ஸ்டாண்டுக்கு வருவீங்களாப்பா?” “காரை எடுத்துட்டு வரேன்.” “ஓடுதுங்களாப்பா, காரு?” “ஓடும்.” வைத்துவிட்டேன். அழைத்த அடையாளத்தை அழித்தேன். துண்டோடு வெளியே வந்த அப்பா, “யாராச்சும் கூப்பிட்டாங்களா?” என்றார். “இல்லீங்கப்பா” என்றேன், என் குரலில், அது அவர் குரல் மாதிரியே இருந்தது.

சொன்னால் ரெண்டையும் சொல்ல வேண்டும், அதுதான் இடிக்கிறது. அக்கா வருகிறாள் என்பதை மட்டும் சொல்லிவிடலாம். நான்தான் கூப்பிட்டேன், திட்டுங்கள், அடியுங்கள், காரை எடுங்கள். ஆனால் அவள் இறங்கி இவர் முகத்தைப் பார்க்கும்போது, சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தவளாகப் பார்ப்பாள். இவர் ஒன்றும் கேட்காதவராக நிற்பார். அந்த ஒரு பார்வையிலேயே எல்லாம் உடைந்துவிடும். அவளுக்கு இந்த வீட்டில் இனிமேல் அப்பாவும் இல்லை தம்பியும் இல்லை என்றாகிவிடும். கேட்டில் இல்லை என்று இவரிடம் நான் சொன்னால், இவர் கணக்குப் போடுவார். பத்து பத்திலிருந்து பத்து அம்பத்தஞ்சு வரைக்கும். மில்லில் இருபத்தாறு வருஷம் நிமிஷம் பார்த்த மனுஷன். அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தை மடியில் போட்டுக்கொண்டு எவ்வளவு நாள் உட்கார்ந்திருப்பார். அதில் பாதி என்னுடையது, விசில் சேர்த்துச் செய்த ரெண்டாவது தடவை என்னுடையது, அதை அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்து நாற்பத்தெட்டு. கண்ணாடியில் என் முகம் தெரிகிறது, கதவிலும் தெரிகிறது, கதவில் அகலமாக, மூக்கு பெருத்து, கிட்டத்தட்ட அப்பா மாதிரி.

அப்பா எழுந்துவிட்டார். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் வாட்சைப் பார்த்தேன், பத்து அம்பதுதான் ஆகியிருந்தது. அவர் பானெட்டில் விரலை வைத்து, எடுத்து, “ஆறிருச்சாட்ட இருக்குது. போட்டுறலாமா?” என்றார். என் வாழ்நாளில் அவர் ஒரு நிமிஷம் முன்னால் எதையும் செய்து பார்த்ததில்லை. கால் மணி நேரம் முன்னால் செய்யலாமா என்று என்னைக் கேட்கிறார். குரல் ஒரு மாதிரி கெஞ்சியது. அவருக்கும் இந்த ஒரு மணி நேரம் தாங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“வேண்டாங்கப்பா.”

“ஏண்டா?”

“காரு வேணும். பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். அக்கா வர்றா.”

டப்பாவின் மூடியைக் கழற்றப் போன கை நின்றது. “யாரு சொன்னா?”

“அக்காகிட்ட வரச் சொன்னது நீங்க. உங்க போன்ல. வெள்ளிக்கிழம.” இதைச் சொல்லும்போது யார் குரல் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. “நாந்தான் பேசுனேன். உங்களாட்ட.”

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி வரவில்லை. கண்ணைத் திறந்தால் டப்பாவைப் பானெட் மேல் வைத்துக்கொண்டிருந்தார். கீறல் விழும் என்று ஒரு சாவியைக்கூட அங்கே வைக்கவிடாதவர்.

“நான் என்ன சொன்னேன்?” என்றார்.

“ஞாயித்துக்கெழம வரச் சொன்னீங்க. தப்பு எம்மேலதான்னு சொன்னீங்க. அன்னைக்கு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க.”

“நம்புனாளா?”

“நம்புனா.”

கூரைக்கு மேலே அணில் ஓடியது. அப்பா துணியைப் பிரித்தார், மறுபடி நாலாக மடித்தார். “எப்பிடிடா சொன்ன” என்றார். “எனக்கு வரவே இல்லியே.” கோபமாகக் கேட்கவில்லை. மிஷினில் ஒரு வேலை செய்யத் தெரியாதவர், தெரிந்த பையனிடம் கேட்கிற மாதிரி கேட்டார். அதற்குப் பதிலாக, “டாக்டராட்டப் பேசுனது நாந்தானுங்கப்பா. ஒண்ணுமில்லைன்னு சொன்னது நாந்தான்” என்றேன். ஒரு வருஷம் வைத்திருந்தது, வெளியே வந்ததும் ரொம்பச் சின்னதாக இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். “நானுந்தான சிரிச்சேன்” என்றார்.

அப்புறம், “அவ என்ன சொன்னா?” என்றார்.

அக்கா எனக்கு நன்றாக வரும். அந்த அழுகையோடு, அந்த மூச்சோடு, கொழம்பை அமத்துனமா என்பதோடு, ஒரு எழுத்து சிந்தாமல் அவர் முன்னால் அவளை நிறுத்தியிருப்பேன். தொண்டை அதற்குத் தயாராகக்கூட ஆகிவிட்டது. “அவ உங்ககிட்டச் சொன்னது. அவளே சொல்லட்டுங்கப்பா” என்றேன்.

“கேட்டைப் பத்தியா?”

நான் பானெட்டிலிருந்து டப்பாவை எடுத்துக் கீழே வைத்தேன்.

“எனக்குத் தெரியும்டா” என்றார் அப்பா. “பெரிய டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. கொண்டாந்து சேக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிருச்சுன்னு. அவளை அப்பிடிக் கேட்டு ஒரு மணி நேரங்கூட ஆகல, என்னையக் கூப்ட்டுச் சொன்னாரு. வெளிய வந்தேன். இவ செவுத்துல சாஞ்சு நின்னுட்டிருந்தா. போய்ச் சொல்லியிருக்கணும். சொன்னா அடுத்தது எல்லாரும் எங்கிட்டத் திரும்புவாங்க.” பக்கெட்டைக் காலால் தள்ளினார். “அவ மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

‘விட்டுட்டேன்’ என்று வெள்ளிக்கிழமை அக்காவும் இதையேதான் சொன்னாள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் போனை எடுத்தார். அக்காவின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமாயிற்று, விரலில் வேக்ஸ், தொட்ட இடமெல்லாம் வழுக்கியது. மணி அடித்தது. ஸ்பீக்கரில் பஸ் இரைச்சல் எங்கள் போர்ட்டிகோ முழுக்க வந்து நிறைந்தது.

“சொல்லுங்கப்பா” என்றாள் அக்கா. முகம் மலர்ந்து சொல்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

அப்பா ‘ம்’ சொல்லவில்லை. என்னவோ போல் இளைத்த குரலில், வார்த்தை வார்த்தையாக, “சிந்து. கேட்டுனால இல்ல சாமி. எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் நான் சும்மா இருந்தேன்” என்றார்.

அந்தப் பக்கம் பஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “தரணி” என்றாள் அக்கா. என் பெயரை மெதுவாகத்தான் கூப்பிட்டாள். “போனை வை.”

அப்பா என்னைப் பார்த்தார்.

“எங்கப்பா இப்பிடிப் பேச மாட்டாரு. வெள்ளிக்கிழமையும் நீதானா? நீதானாடா? நான் உங்கிட்டயா அத்தனையும் சொன்னேன்?” அவள் குரல் பாதியில் கீழே போனது. “அடுத்த ஸ்டாப்பிங்ல நான் எறங்கிக்கறேன். அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத.”

“நாந்தான் சாமி” என்றார் அப்பா. அதுவும் அவர் மாதிரி இல்லை. பயந்துபோன யாரோ ஒருத்தர் மாதிரி இருந்தது. தன் குரலை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மாதிரி தொண்டையைச் செருமினார், மறுபடி செருமினார், வரவில்லை. நான் செய்துவிட முடியும். அவரைவிட நன்றாக, அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு ‘அம்மிணி’, அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள், பதினொன்றரைக்கு இறங்குவாள். வாய் திறந்தேவிட்டது.

“அக்கா” என்றேன். மெல்லிசாக, நடுவில் கிறீச்சிட்டு, பழகிப் பார்க்காத ஒன்று வந்தது. “வெள்ளிக்கிழம நான். இப்ப அப்பா. நான் பக்கத்துல நிக்கறேன்.”

நான் முடிப்பதற்குள் அப்பாவும், “பக்கத்துலதான் நிக்கறான் கண்ணு, நாந்தான் பேசுனேன்” என்று ஆரம்பித்துவிட்டார், என்னுடையது அவருடையதில் மோதியது, அவருடையது என்னுடையதில் மோதியது, யார் சொன்னதும் ஒழுங்காகக் கேட்டிருக்காது. ரெண்டு பேரும் ஒன்றாக நிறுத்தினோம். நீ சொல் என்று அவர் எனக்குக் கையைக் காட்டினார், நீங்கள் சொல்லுங்கள் என்று நான் அவருக்குக் காட்டினேன்.

பஸ் எங்கேயோ நின்றது. கண்டக்டர் ஊர் பேரைச் சொன்னார். யாரோ இறங்குகிறார்கள், யாரோ ஏறுகிறார்கள், ஒரு குழந்தை ஜன்னல் சீட் கேட்டு அழுகிறது. டபுள் விசில். அப்பா போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்புகிற இரைச்சல் கேட்டது, அது உள்ளேயிருந்து கேட்கிறதா, ரோட்டில் நிற்கிறவளுக்குக் கேட்கிற மாதிரி கேட்கிறதா என்று ரெண்டு பேரும் காதைக் கொடுத்தோம். தூரமாகப் போகவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது.

“அப்பா” என்றாள் அக்கா.

“ம்” என்றார் அப்பா.

“பொள்ளாச்சி தாண்டியாச்சுங்கப்பா.”

அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சாவி எடுக்க உள்ளே போனார். நான் ஒன்றும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஆனால் வைக்கவும் இல்லை.